கையில் வேலை தெரியக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

சீட்டு வித்தையைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்ததும் ஒப்புக்கொண்டேன். என் குருவின் கைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. அதனால் அவரைப் பற்றிச் சொல்ல வானொலியே போதும்.

அவரை நான் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவேன். சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோ பாயோவில் மூவறை வீவக அடுக்குமாடி வீடு. மேடை ஏறியதில்லை, விளம்பரம் செய்துகொண்டதில்லை. எங்கள் குடும்பங்களில் சீட்டுக்கட்டைக் கண்டாலே பெரியவர்கள் முகம் மாறும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஐயா அந்தப் பேச்சை முதல் நாளே என் அம்மாவிடம் பேசித் தீர்த்துவிட்டார். "காசு வச்சு ஒரு ஆட்டம்கூட நான் ஆடினதில்லைம்மா. தம்பியும் ஆடாது, நான் பொறுப்பு." அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எனக்குக் கிடைத்தன.

சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போடுவார். அதுதான் எங்கள் மேடை. நம் ஊர்ப் புழுக்கத்தில் சீட்டு வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பைசிக்கிள் சீட்டுக்கட்டுகளை ஒரு மைலோ டின்னில், பிஸ்கட் பொட்டலங்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பைகளோடு சேர்த்து மூடி வைத்திருப்பார்.

சீட்டை விசிறியாக விரிப்பது, ஒரு கையிலிருந்து மறு கைக்கு அருவிபோல் பாய்ச்சுவது எதுவும் அவரிடம் கிடையாது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் பொழுதுபோக்குக்கு ஆடுகிற மனிதர்போல, கொஞ்சம் மந்தமாகவே கட்டைப் பிடித்திருப்பார். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆர்ட்டின் ஏழு என்ற சீட்டைக் கட்டின் நடுவில் நீங்களே செருகுவீர்கள். அவர் உங்கள் பிள்ளையின் படிப்பைப் பற்றி ஏதோ கேட்பார். மேல் சீட்டைத் திருப்பச் சொல்வார். அதே ஆர்ட்டின் ஏழு! டாய் வெர்னன் என்ற சீட்டு வித்தைக்காரர், உலகப் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஹூடினியை 1922இல் சிகாகோவில் திகைக்கவைத்ததும் இந்த வகை வித்தையால்தான். திரும்பத் திரும்பக் காட்டியும் ஹூடினியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெர்னன் என்றால் ஐயாவுக்கு உயிர். 1894இல் ஒட்டாவாவில் பிறந்து 1992 வரை வாழ்ந்த அந்த மனிதரை வித்தைக்காரர்கள் 'பேராசிரியர்' என்பார்கள். அவரைப் பற்றி ஐயா அடிக்கடி சொன்னது ஒரே கதை. சூதாட்டத்தில் ஏமாற்றுபவன் நல்ல சீட்டுகளைக் கட்டின் அடியில் ஒளித்து வைப்பான். எதிராளி கட்டை வெட்டியதும் அவை நடுவுக்குப் போய்விடும், திட்டம் பாழ். ஆனால் நடுவிலிருந்தே சீட்டு உருவிப் போடும் ஒருவர் இருக்கிறார் என்று 1932இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரில் இருந்த சிறையில் ஒரு சூதாடி வெர்னனிடம் சொன்னான். வெர்னன் அப்போது கத்தரிக்கோலால் நிழலுருவம் வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராக விசாரித்து, மிசௌரியின் பிளசண்ட் ஹில் என்ற சின்ன ஊரில் ஆலன் கென்னடி என்ற அந்த ஆளைக் கண்டுபிடித்தார்.

"அவ்வளவு பெரிய வித்தைக்காரன், பேர் தெரியாத ஒருத்தன் கையைப் பார்க்க அலைஞ்சிருக்கான், பார்த்தியா?" என்பார் ஐயா. கென்னடியின் திறமையே அது வெளியில் தெரியாததில்தான் இருந்தது. ஐயா அதையே தன் வித்தைக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டார். "கெட்டிக்காரன்னு யாராவது சொன்னா, கையில வேலை தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்." இப்போது காணொளிகளில் விரல் வேகத்துக்குக் கைதட்டல் வாங்குகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது, இவர்களை அந்த மேசைக்கு அழைத்துப்போக முடியவில்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அவர் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்த ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். 52 சீட்டுகளைச் சரிபாதியாக, 26, 26 எனப் பிரிக்க வேண்டும். மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்ன வேண்டும். இப்படி எட்டு முறை செய்தால் கட்டு முழுவதும் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். ஐயா கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி இரண்டு பாதிகளையும் முட்டவைத்தால், பல்லோடு பல் சேர்வதுபோல அவை ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். என்னை இரண்டாம் சீட்டை மட்டும் கவனிக்கச் சொல்வார். அது 3, 5, 9, 17, 33 என்று கீழே போகும். பிறகு 14, 27. எட்டாவது கலைப்பில் மறுபடி 2. இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு.

கையால் அப்படிப் பின்னப் பழக நாளாகும். ஆனால் மேசையில் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கியே செய்து பார்க்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் சீட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள், அது எங்கெங்கே போகிறது என்று அவர்களே எண்ணட்டும். இன்னும் வேண்டுமென்று கேட்டால் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். மாயவித்தைப் புத்தகங்களுக்கான நூலக வகைப்பாட்டு எண் 793.8.