ஜனவரியில் டெல்லிக் காற்றைக் கெடுப்பது எது?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

நவம்பர் பிறந்தால் டெல்லிக் காற்று செய்தியாகிவிடும். கூடவே பஞ்சாப் வயலில் எரியும் தீயின் படமும் வரும். விவசாயிதான் காரணம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்தத் தீயையே பார்ப்போம். அறுவடை இயந்திரம் நெற்கதிரை அறுத்துக்கொண்டு, அடித்தண்டான தாளை வயலிலேயே நிறுத்திவிட்டுப் போகிறது. அடுத்த கோதுமை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும்; அதற்குள் வயலைக் காலிசெய்யத் தாளைக் கொளுத்திவிடுகிறார்கள். இந்த நெருக்கடி தானாக வந்ததல்ல. நிலத்தடி நீரைக் காக்க, ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்று 2009-ல் பஞ்சாப் சட்டம் போட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதும் அறுப்பும் தள்ளிப்போய், தாள் எரியும் நாட்களும் காற்று அசையாத நாட்களும் ஒன்றாகிவிட்டன. மோசமான சில நாட்களில் டெல்லிக் காற்றில் மிதக்கும் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயல் புகை இருந்ததுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

சரி, ஜனவரியில்? வயலில் கோதுமை பச்சையாக நிற்கிறது. தாள் எரிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. காற்று மட்டும் தேறவில்லையே!

குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. கோடையில் உயரப் போய்க் கலைந்துவிடும் அதே புகை இப்போது போக வழியில்லாமல் கீழேயே தங்கிவிடுகிறது. லாரிப் புகை, செங்கல் சூளை, சாலைப் புழுதி, டெல்லியின் காஜிப்பூர் குப்பை மேட்டில் பற்றும் தீ எல்லாம் அதில் சேரும். அப்புறம், இரவுக் காவலாளி குளிருக்கு மூட்டும் நெருப்பு. அட்டை, விறகு, பிளாஸ்டிக் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அதில் போகும். காவலாளிக்கு மின்சார ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள் என்று குடியிருப்புச் சங்கங்களுக்கு அரசே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வேறு என்னதான் செய்வார்?

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புகைமூட்டத்தில் கணிசமான பகுதி எந்த நெருப்பிலிருந்தும் துகளாக வருவதில்லை. அனல்மின் நிலையத்தின் சல்பர் டை ஆக்சைடும், வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகத்தான் கிளம்புகின்றன. யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் அம்மோனியா எழும்புகிறது. இவை வானிலேயே கூடி அம்மோனியம் சல்பேட்டாக, நைட்ரேட்டாக, நுண்துகளாக மாறுகின்றன. பனியின் ஈரத்தில் அந்தத் துகள் ஊதிப் பெருக்க, எதிரே வரும் வண்டி தெரியாமல் போகிறது. இதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. அதனாலேயே இதைப் பற்றிப் பேச்சும் இல்லை.

கந்தக வாயுவைப் பிடிக்கக் கருவி உண்டு. 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குப் புதிய வரம்பு விதித்து, இரண்டு வருடம் கெடுவும் கொடுத்தது. கெடு திரும்பத் திரும்ப நீண்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்துவிட்டார்கள். தாள் எரித்த விவசாயி மீது மட்டும் அபராதமும் வழக்கும் பாய்கின்றன. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முடியாத காரியமா என்றால், இல்லை. உச்ச நீதிமன்றம் 1998-ல் உத்தரவிட்டு விடாமல் நெருக்கியதால், 2002-க்குள் டெல்லியின் டீசல் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. நகருக்குள் இருந்த பதர்பூர் நிலக்கரி மின்நிலையமும் 2018-ல் மூடப்பட்டது. மிச்சமிருக்கும் புகைபோக்கிகள் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் நிற்கின்றன. டெல்லி அரசு அங்கே போய் ஒன்றும் செய்ய முடியாது. மத்திய அரசால் முடியும்.