தூதரக மதிலை போலீஸ் ஏறிக் குதிச்சா என்ன ஆகும்? மெக்சிகோ Vs ஈக்வடார்

[திரையில்: இருட்டு, மதில் சுவர், ஏணி]

2024 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை ராத்திரி. ஈக்வடார் தலைநகர் கீட்டோ. மெக்சிகோ தூதரகத்துக்குள்ள போலீஸ் மதில் ஏறிக் குதிச்சு, ஒரு ஆளைப் பிடிச்சுட்டுப் போகுது. தடுக்க வந்த தூதரக அதிகாரியைத் தரையில தள்ளிட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே மெக்சிகோ உறவை முறிச்சுக்கிச்சு.

யார் அந்த ஆள்? ஹோர்ஹே கிளாஸ், ஈக்வடாரோட முன்னாள் துணை அதிபர், லஞ்ச வழக்குகள்ல தண்டனை வாங்கினவர். 2023 டிசம்பர்லயே உள்ள போய் உட்கார்ந்துட்டார். ஏப்ரல் 3, மெக்சிகோ அதிபர் லோபஸ் ஒப்ரடோர் ஈக்வடார் தேர்தலைப் பத்தி வாயை விட்டார். 4, மெக்சிகோ தூதரை ‘கிளம்புங்க’ன்னு சொல்லிட்டாங்க. 5, கிளாஸுக்கு அடைக்கலம்னு மெக்சிகோ அறிவிச்சது. அதே ராத்திரி மதில். பின்கதை அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ‘தூதரகம்னா அது வெளிநாட்டு மண்ணு’ன்னு எல்லாரும் சொல்வாங்க. தப்பு! அது ஈக்வடார் மண்ணுதான். வாடகைக்கு விட்ட வீடு மாதிரி வச்சுக்கோங்க: மனை ஓனரோடது, ஆனா குடியிருக்கிறவர் கதவைத் திறக்காம ஓனர் உள்ள வர முடியாது. தூதரகங்களுக்கான சர்வதேச விதி, 1961 வியன்னா உடன்படிக்கை, 22-வது பிரிவு: தூதரகத் தலைவர் சம்மதிக்காம உள்ளூர் அதிகாரி யாரும் நுழையக் கூடாது. நீதிமன்ற வாரண்ட் கையில இருந்தாலும் சரி.

சரி, உள்ள தீப்பிடிச்சா? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. விசா, பாஸ்போர்ட் வேலை பார்க்கிற துணைத் தூதரகத்துக்கு 1963-ல தனி உடன்படிக்கை. தீ மாதிரி ஆபத்துன்னா, அலுவலகத் தலைவர் சம்மதிச்சதாவே எடுத்துக்கலாம்னு அதுல எழுதியிருக்கு. 1961 உடன்படிக்கையில அந்த வரி இல்லை. அதாவது தூதரகம் எரிஞ்சாலும் தீயணைப்பு வண்டி வாசல்ல நின்னு ‘ஐயா, வரலாமா?’ன்னு கேட்கணும். ஓட்டையை விட்டா யாராவது ‘புகை வருது’ன்னு சொல்லிக்கிட்டே நுழைஞ்சுடுவாங்களே!

ஈக்வடாருக்கு இது தெரியாதா? விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சேவை 2012-லிருந்து 2019 வரைக்கும் லண்டன்ல தன் தூதரகத்துல வச்சிருந்ததே இதே நாடுதான். 2012-ல ‘உள்ள வர எங்க சட்டத்துல வழி இருக்கு’ன்னு பிரிட்டன் ஜாடை காட்டினப்போ ஊரையே கூட்டினதும் இவங்கதான். கமெண்ட்ல சொல்லுங்க, இதுக்கு நல்ல பழமொழி எது?

ஈக்வடார் பக்கமும் ஒரு பாயிண்ட் இருக்கு. தூதரக அடைக்கலம் பத்தி லத்தீன் அமெரிக்க நாடுகள் போட்ட 1954 கராக்கஸ் உடன்படிக்கை 3-வது பிரிவுப்படி, அரசியல் சாராத சாதாரணக் குற்றத்துல தண்டனை வாங்கினவருக்கு அடைக்கலம் கூடாது. ஆனா 4-வது பிரிவு, குற்றம் எந்த வகைன்னு தீர்மானிக்கிறது அடைக்கலம் கொடுக்கிற நாடுன்னு சொல்லுது. ரெண்டு நாடும் ஆளுக்கொரு பிரிவைப் பிடிச்சுக்கிச்சு. என் கணக்குல அடைக்கலம் தப்பாவே இருக்கட்டும், அதுக்கு மருந்து மதில் இல்லை: வெளியே காவல் போடலாம், தூதரை அனுப்பலாம், வழக்குப் போடலாம். ஏப்ரல்லயே ரெண்டு பேரும் ஹேக் சர்வதேச நீதிமன்றத்துல மாத்தி மாத்தி வழக்குப் போட்டாங்க. மெக்சிகோ கேட்ட இடைக்கால உத்தரவை மே 23-ல நீதிமன்றம் தரலை. ஏன்னா, கட்டடத்தையும் ஆவணங்களையும் காப்பாத்துறோம்னு ஈக்வடார் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது.

உறவு முறிஞ்சா அந்தக் கட்டடம்? ஊழியர்கள் கிளம்பினாலும் பூட்டைத் தொடக் கூடாது. 1961 வியன்னா உடன்படிக்கை 45-வது பிரிவு: போரே நடந்தாலும் கட்டடம், சாமான், கோப்புகள் எல்லாத்தையும் உள்ளூர் அரசு காப்பாத்தணும். சொந்த மக்களோட நலனைப் பார்க்க மூணாவது நாட்டை அமர்த்திக்கலாம். ரெண்டு பேரும் போய் நின்னது ஒரே வாசல்ல: சுவிட்சர்லாந்து. வீட்டுல பேசாம இருக்கிற ரெண்டு பேர், நடுவுல நிக்கிற பிள்ளைகிட்ட ‘உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு’ங்கிற மாதிரிதான்.