முதல் விளக்கு விழும் இடம்

அவையோருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்கள் இரவில் ஜெர்மன் ஊர்களைக் குண்டுவீசித் தாக்கிவந்தன. 1941 ஆகஸ்டில் லண்டனில் பட் என்ற அரசு அலுவலர் ஓர் அறிக்கை தந்தார். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் இரவில் எடுத்து வந்த படங்களைப் பார்த்து, 'இலக்கைத் தாக்கிவிட்டோம்' என்று சொன்னவர்கள் உண்மையில் எங்கே இருந்தார்கள் என்று கணக்குப் போட்டார். இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் போனது மூன்றில் ஒரு விமானம்தான். ஆலைப் புகை கவிந்த ஜெர்மன் தொழிற்பகுதியான ரூர் பள்ளத்தாக்கில் பத்தில் ஒன்று. ஐந்து மைல் சுற்றளவு அல்ல, ஐந்து மைல் ஆரம்! 75 சதுர மைலுக்கும் மேற்பட்ட வட்டம். அதற்குள் எந்த வயலில் நின்றாலும் 'சரி' என்று சேர்த்துக்கொண்ட தாராளமான கணக்கு அது.

விமானிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருந்தவை திசைகாட்டி, வேகமானி, கடிகாரம், காற்றைப் பற்றிய ஓர் ஊகம். காற்றின் வேகத்தில் மணிக்கு 20 மைல் தவறினால், மூன்று மணி நேரப் பறப்பில் 60 மைல் தள்ளிப் போய்விடுவீர்கள். போர்க்கால இருட்டடிப்பில் கீழே ஒரு விளக்குக்கூட எரியாது.

இதற்கு விடையாக 1942 ஆகஸ்டில் டான் பென்னட் தலைமையில் வழிகாட்டிப் படை உருவானது. அவர்கள் முன்னே போய் வண்ண விளக்குகளைப் போட வேண்டும். பின்னால் வருபவர்கள் ஊரைத் தேடாமல் விளக்கைக் குறிபார்த்துப் போட வேண்டும். சரி, முதல் விளக்கைப் போடுபவருக்கு ஊர் எப்படித் தெரியும்? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

நல்ல விடை ஓபோ என்ற வானொலி வழிகாட்டு முறை. இங்கிலாந்துக் கரையில் இரண்டு வானொலி நிலையங்கள்: ஒன்றுக்குப் பெயர் பூனை, மற்றொன்றுக்கு எலி. நிலையம் ஒரு வானொலி அலைத் துடிப்பை அனுப்பும். மாஸ்கிட்டோ என்ற இலகுவான, வேகமான விமானத்தில் உள்ள கருவி அதைத் திருப்பி அனுப்பும். போய்வரும் நேரம் மைக்ரோ விநாடிக்கு 150 மீட்டர் தூரம் என்று கணக்கு. பூனையை மையமாக வைத்து ஒரு வட்ட வில் வரைந்தால், அது குண்டை விடவேண்டிய புள்ளி வழியாகப் போகும். விமானி அந்த வில்லின் மேலேயே பறக்க வேண்டும். காதில் புள்ளி ஒலி கேட்டால் ஒரு பக்கம் விலகிவிட்டார்; கோடு ஒலி கேட்டால் மறுபக்கம். இடைவிடாத ஒரே ஓசை என்றால் வில்லின் மேல் இருக்கிறார். எலி தன் தூரத்தை அளந்துகொண்டே இருந்து, விடும் நேரம் வந்ததும் தன் சமிக்ஞையை அனுப்பும். அந்தப் புள்ளி ஊருக்கு நேர் மேலே இராது. 28,000 அடியிலிருந்து விழும் குண்டு தரைக்கு வருமுன் சில கிலோமீட்டர் முன்னோக்கிப் போய்விடுமே!

குறை என்ன? அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. அந்த உயரத்தில்கூட எட்டும் தூரம் ஏறத்தாழ 270 மைல். ரூரில் உள்ள எஸ்ஸென் நகரம் எட்டும், பெர்லின் எட்டாது. மேலும் ஒரு ஜோடி நிலையம் ஒரு நேரத்தில் ஒரு விமானத்தைத்தான் நடத்த முடியும். அதற்கும் பத்து நிமிடம் வரை ஆகும்.

இனி விளக்கு. 250 பவுண்டு குண்டுக்கூட்டுக்குள் 60 வாணக்குச்சிகள். காற்றழுத்தத்தைப் பார்த்து இயங்கும் திரி, ஏறத்தாழ 3,000 அடியில் கூட்டை உடைக்கும். குச்சிகள் சிவப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ அருவிபோல இறங்கி, தரையில் நூறு கஜ அளவில் பரவி எரியும். இன்னும் உயரத்தில் உடைந்தால் காற்று சிதறடித்துவிடும். கீழே இருந்த ஜெர்மானியர் இவற்றைக் 'கிறிஸ்துமஸ் மரங்கள்' என்றார்கள். சாதாரண வகை மூன்று நிமிடத்தில் அணைந்துவிடும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1943 மார்ச் 5 இரவு, எஸ்ஸென். 442 விமானங்கள், தாக்குதல் நேரம் 40 நிமிடம். ஓபோவுடன் கிளம்பிய எட்டு மாஸ்கிட்டோக்களில் மூன்று கருவிக் கோளாறால் திரும்பிவிட்டன. மிச்சம் ஐந்து. மூன்று நிமிட விளக்கை ஐந்து விமானம் 40 நிமிடம் எரிய வைக்க முடியுமா? அதனால்தான் 22 கனரக வழிகாட்டி விமானங்களில் வந்தவர்கள், மாஸ்கிட்டோக்கள் போட்ட சிவப்பைக் குறிபார்த்துப் பச்சை விளக்குகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்று திட்டம் பலித்தது. க்ரூப் ஆயுத ஆலை அடிபட்டது, ஊரில் 450க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

பச்சையை நம்புவதிலும் ஒரு சிக்கல். பீரங்கி வெடிப்புகளுக்கு நடுவே நேராகப் பறக்கும் குண்டு வீசுபவர், தீயின் தன் பக்கத்து ஓரம் கண்ணில் பட்டதுமே குண்டை விட்டுவிடுவார். அடுத்தவர் அந்தப் புதுத் தீயின் ஓரத்தில். இப்படி வீச்சு வந்த வழியே பின்னோக்கி ஊர்ந்துவிடும். இது கோழைத்தனம் என்பதை நான் ஒப்பமாட்டேன். ஒவ்வொருவரும் ஓரிரு விநாடி முந்தினாலே போதும். எனவே பச்சை போடுபவர்களுக்கு, விளக்கைத் தாண்டி ஓரிரு விநாடி கழித்து விடுங்கள் என்று உத்தரவு.

மேகம் மூடினால் பாராசூட்டில் வான்விளக்கைத் தொங்கவிடுவார்கள். அது காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும். வேறு வழியில்லாத முறை.

ஓபோ எட்டாத ஊருக்கு எச்2எஸ் ராடார். விமானத்தின் வயிற்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் அலை போகும். நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடிபோல அப்பால் தள்ளிவிடுவதால் திரையில் கறுப்பு, கட்டடங்கள் பளிச். ஆறும் துறைமுகமும் உள்ள ஹாம்பர்க் தெளிவாகத் தெரியும். பரந்து கிடக்கும் பெர்லினில் திரை முழுவதும் வெளிச்சம், நடு எது ஓரம் எது?

1943 ஆகஸ்ட் 17 இரவு, ஜெர்மானியரின் ஏவுகணை ஆய்வுக்கூடம் இருந்த, உசேடம் தீவிலுள்ள பேனமுண்டே. ரூடன் என்ற சிறு தீவைத் திரையில் பிடித்து, அங்கிருந்து தெற்கே கடிகாரம் பார்த்துப் பறந்து விளக்கைப் போட வேண்டும். சிலர் உசேடம் தீவின் வடக்கு முனையை ரூடன் என்று எண்ணிக் கணக்கைத் தொடங்கினார்கள். தொடக்கமே இரண்டு மைல் பிசகு. முடிவும் இரண்டு மைல் தெற்கே. மேலே சுற்றிக்கொண்டிருந்த தாக்குதல் தலைவர் ஜான் சியர்பி பிசகைக் கண்டு, பின்னால் வந்தவர்களை வானொலியில் சரியான விளக்குக்குத் திருப்பினார். அதற்குள் முதல் குண்டுகள் டிராசென்ஹைடவில் இருந்த அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளர் முகாமில் விழுந்துவிட்டன. குறைந்தது 500 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் போலந்துக்காரர்கள்.