யார் வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள்?

வணக்கம் நேயர்களே. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர், தான் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தை, அதாவது மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் வித்தியாசம் தெரியும் மூளை வளர்ச்சி நிலையை, தனி நிலையாக மருத்துவர்கள் பரவலாகப் பார்க்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் யார் தெரியுமா? அப்பாக்களில் 4 பேர் மனநல மருத்துவர்கள். வழக்கறிஞர் ஒருவர், வனவியல் பேராசிரியர் ஒருவர் என்று பட்டியல் போகிறது. 11 அம்மாக்களில் 9 பேர் பட்டதாரிகள், அதுவும் அந்தக் காலத்தில்!

இந்தப் பெற்றோரிடம் படிப்பு அதிகம், பாசம் குறைவு என்று கானர் குறித்துவைத்தார். பின்னால் வந்தவர்கள், அம்மா அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றே சொல்லிவிட்டார்கள். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். சரி, அன்றைக்கு ஒரு சலவைத் தொழிலாளியின் பிள்ளை அப்படிப்பட்ட நிபுணரிடம் எப்படிப் போய்ச் சேரும்? அதை யாரும் யோசிக்கவில்லை.

லண்டனில் லோர்னா விங் யோசித்தார். அவர் மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாயும்கூட. 1970-களில் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து, கேம்பர்வெல் பகுதியில் ஏதாவது குறைபாட்டுக்காகச் சிறப்பு உதவி பெற்றுவந்த பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்தார். ஏழை வீடு, வசதியான வீடு என்ற வித்தியாசமே இல்லாமல் ஆட்டிசம் எல்லா இடத்திலும் இருந்தது. மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களை மட்டும் எண்ணியதால் வந்த குளறுபடி இது என்று 1980-ல் எழுதினார்.

அந்தக் குளறுபடி இன்னும் முழுசாகத் தீரவில்லை. அமெரிக்காவில் சுமார் 2,600 குடும்பங்களைச் சேர்த்த பெரிய மரபணு ஆய்வு ஒன்றில், பிள்ளையோடு பெற்ற தாய் தந்தை இருவருடைய ரத்தமும் தேவைப்பட்டது. பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒப்பீடு வேண்டும்தான். ஆனால் அப்பா பிரிந்துபோன வீடும், தத்தெடுத்த பிள்ளையும் முதல் படியிலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். வாரநாளில் பகல் நேரத்தில்தான் வரவேண்டும், ஆங்கிலப் படிவம்தான் என்றால் இன்னும் பலர் கழிந்துபோவார்கள்.

ஏழைகளையும் சிறுபான்மையினரையும் பற்றி, “அந்த மக்கள் ஆய்வுக்கெல்லாம் வரமாட்டார்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 584 கறுப்பினப் பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்தன. பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடும் இருந்தது. அப்படியும், பெற்றோருக்குச் சந்தேகம் வந்து சராசரியாக 3 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே, பிள்ளைக்கு 5 வயது தாண்டித்தான் ஆட்டிசம் என்று உறுதியானது. பெற்றோர் நேரத்தோடு கவனித்துவிட்டார்கள். தாமதம் மருத்துவத் தரப்பில்.

மரபணு ஆய்வுக்காக வீட்டிலேயே எச்சிலைச் சேகரிக்கும் பெட்டியைத் தபாலில் அனுப்புவது இப்போது வந்திருக்கிறது, நல்லது. மாலை நேரச் சந்திப்பு, மொழிபெயர்ப்பாளர், பஸ் செலவு, கூட வரும் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகியவற்றையும் ஆய்வுக்கான பணத்திலேயே ஒதுக்க வேண்டும். எத்தனை குடும்பங்களைச் சேர்த்தோம் என்று எழுதுகிற இடத்தில், எத்தனை பேரை எந்த விதியால் திருப்பி அனுப்பினோம் என்பதையும் எழுதட்டும். நன்றி, வணக்கம்.