உண்டியலுக்கும் கணக்கு உண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு என்பதால் வணக்கத்தில் மிச்சம் பிடித்துவிட்டேன்.

நன்கொடை கொடுப்பவர் பார்க்க வேண்டியது மனமா, கணக்கா? கணக்குதான் என்கிறது எங்கள் அணி. ஏன் என்று எங்கள் அம்மா சொல்வார்.

லேமினேட் செய்த போட்டோவும் ரசீதுப் புத்தகமுமாக மாதாமாதம் இரண்டு பையன்கள் வருவார்கள். "முப்பது பிள்ளைங்கம்மா" என்பார்கள். அம்மா 500 ரூபாய் கொடுப்பார். ஏழு மாதம் போனது. அப்பாவின் திதியன்று அம்மா ஓர் அண்டா சாம்பார் சாதம் கிண்டி, ஆட்டோவில் ஏற்றி, ரசீதில் இருந்த முகவரிக்குப் போய் இறங்கினார். அங்கே இருந்தது ஓர் இஸ்திரி கடை.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னிக்கு சாப்பாடாம்மா? போன வாரம் கேக் வந்துச்சு" என்றார்.

"பிள்ளைங்க எங்கப்பா?"

"எனக்கு ஒரே பிள்ளைதாம்மா. அவனும் எவ்வளவு கேக்தான் தின்பான்?"

யோசித்துப் பாருங்கள் நடுவரே. முப்பது பேர் சாப்பாடு, எதிரே ஒரே ஓர் இஸ்திரிப் பெட்டி! அம்மா அசரவில்லை. கரண்டியை எடுத்து அந்தத் தெருவுக்கே பரிமாறினார். ஆட்டோக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டார். சாப்பிட்ட நேரத்துக்கும் வெயிட்டிங் வாங்கினார். அவருடைய கணக்கு மட்டும் சரியாக இருந்தது!

எதிரணி ஐயா என்னைப் பார்த்து, "இவர் பழனி உண்டியலில் பத்து ரூபாய் போட்டாலும் முருகனிடம் ரசீது கேட்பார்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல நகைச்சுவை. ஆனால் ஐயா, உண்டியல் எண்ணும்போது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில் திறந்து, கொட்டி, வரிசையாக உட்கார்ந்து எண்ணுகிறார்கள். பணம் இவ்வளவு, தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று பேப்பரில் வருகிறது. முருகன் ரசீது தருவதில்லை, ஊருக்கே கணக்கு சொல்லிவிடுகிறார். சாமியே கணக்குக் காட்டும்போது, ரசீதுப் புத்தகத்தோடு வரும் ஆசாமி காட்டக் கூடாதா?

குழந்தைகள் இல்லம் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். கேளுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு, 80ஜி என்பார்களே, அது உண்டா? கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது. "ரொக்கமாவே குடுங்க" என்று ஒருவர் வற்புறுத்தினால், ஏன் என்று கேளுங்கள். 80ஜி இருந்தால் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. போய் இறங்க ஒரு முகவரியாவது இருக்கும்!

அதன்பிறகு அம்மா வேறோர் இல்லத்தைத் தேடிப் பிடித்தார். வாசலில் கரும்பலகை. இன்று வந்த அரிசி, சமைத்த அரிசி, மீதி என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை போய், பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். ஐந்து வருடம் அப்படிப் போனார்.

போன ஆவணியில் அம்மா போய்விட்டார். சொல்லிவிட்டு வரலாம் என்று அந்த இல்லத்துக்குப் போனேன். நிர்வாகி ஒன்றும் பேசாமல் பார்வையாளர் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். கணக்கில் மனம் இல்லை என்றீர்களே ஐயா, அதுவும் ஒரு கணக்குப் புத்தகம்தான். மாதாமாதம் அம்மாவின் கையெழுத்து. போகப்போக எழுத்து நடுங்குகிறது. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "ரசத்தில் உப்பு குறைவு. ஜன்னலோரப் பையன் கூச்சப்படுகிறான், கேட்க மாட்டான். அவனுக்கு இன்னொரு கரண்டி போடவும்."

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.