அவளிடம் யார் கேட்டார்கள்?

வணக்கம் நண்பர்களே. கல்யாணமான பெண்ணின் மனதில் இன்னொருவன் இருக்கிறான் என்ற கதையைத் தமிழ் சினிமா பயந்து பயந்துதான் தொட்டிருக்கிறது. அப்படித் தொட்ட படங்களைப் பேசும்போதும் கடைசியில் அவள் யாரோடு சேர்ந்தாள் என்பதிலேயே நின்றுவிடுகிறோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் யாராவது கேட்டார்களா என்றுதான் நான் பார்க்கிறேன்.

1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. கணவன் வேணுவுக்குப் புற்றுநோய், ஆபரேஷன் செய்யவேண்டிய டாக்டர் முரளி மனைவி சீதாவின் பழைய காதலன். நான் பிழைக்காவிட்டால் அவரையே கட்டிக்கொள் என்கிறான் வேணு. நல்ல மனசுதான், ஆனால் அவள் வாழ்க்கையை அவனே எழுதிக் கொடுத்துவிடுகிறான். 'சொன்னது நீதானா' என்று சுசீலா குரலில் அவள் திருப்பிக் கேட்பதைச் சோகப் பாட்டாகவே கேட்டுப் பழகிவிட்டோம், கொஞ்சம் கவனித்தால் அவள் அங்கே புருஷனோடு சண்டை போடுகிறாள்.

1981இல் பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' எனக்கு இன்றும் மனசை உறுத்தும் படம். டாக்டர் ஆனந்த் தன் மனைவி வசந்தியை அவள் காதலன் பாலக்காட்டு மாதவனிடமே சேர்த்துவைக்கத் தயாராக நிற்கிறார். தாலியைக் கழற்றும் பேச்சு வந்ததும் வசந்திக்கு மனம் வரவில்லை, மாதவன் விட்டுக்கொடுத்துப் போகிறான். ரெண்டு பேரும் தங்கமான ஆட்கள், ஆனால் அவளை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு நீதி பேசுகிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை நாம் தாலியைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் 1986, மணிரத்னத்தின் 'மௌன ராகம்'. என்ன பரிசு வேண்டும் என்று சந்திரகுமார் ஆசையாகக் கேட்கிறான், விவாகரத்து என்கிறாள் திவ்யா. அடி விழுந்த மாதிரி நிற்கிறான், ஆனாலும் வக்கீலிடம் கூட்டிப் போகிறான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனு போட முடியாது (1955ஆம் வருஷ இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அது), அந்தக் காத்திருப்பில்தான் படமே நடக்கிறது. வேண்டாம் என்று சொன்னதும் அவள், கடைசியில் வேண்டும் என்று சொன்னதும் அவள். அதனால்தான் அந்தக் காதலை நம்ப முடிகிறது.

ஒரே ஒரு குறை. திவ்யாவின் பழைய காதலன் மனோகரைப் போலீஸ் குண்டு முன்னமே கொன்றுவிடுகிறது, முரளியும் இறந்துபோகிறார். பழைய காதலன் உயிரோடு எதிரே நிற்க, அவள் யாருக்கும் பயப்படாமல் வாய் திறந்து முடிவு சொல்கிற படத்தை இங்கே இருக்கும் இளைஞர்கள் யாராவது எடுங்கள். முதல் நாளே வந்து பார்க்கிறேன்.