பூட்டு போட்ட நாட்டுக்குள்ள சாந்தோம் துணி

வணக்கம் மக்களே! ஜப்பான்ல கோடு போட்ட பருத்தித் துணி ஒரு வகைக்கு 'சான்டோமே'ன்னு பேரு. ஆமா, நம்ம சென்னை சாந்தோம்தான், சோழமண்டலக் கரையிலருந்து போன சரக்கு. சரி, ஜப்பான்தான் 200 வருஷத்துக்கு மேல கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்துச்சே, துணி எப்படி உள்ள போச்சு?

கதவைச் சாத்தினாங்கன்னு சொல்றதே அரைக் கதைதான். சாவியை ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், தன் இடுப்புல சொருகிக்கிட்டாரு, அவ்வளவுதான். கிறிஸ்தவ மதத்து மேல பயம் இருந்துச்சு, உண்மை. ஆனா தெற்க இருந்த சிற்றரசர்கள் போர்த்துகீசியர்கிட்ட வியாபாரம் பண்ணி, காசும் துப்பாக்கியும் சேத்துட்டா? அந்தப் பயமும் சேந்துதான் வேலை செஞ்சுச்சு. 1635லயே ஜப்பான்காரங்க வெளிநாடு போகக் கூடாது, போனவங்க திரும்பி வந்தா மரணதண்டனைன்னு சட்டம். தாய்லாந்து அயுத்தயாவுல, வியட்நாம் ஹோய் ஆன்ல குடியிருந்த ஜப்பான்காரங்க கதியை யோசிச்சுப் பாருங்க!

1637ல ஷிமபாராவுல விவசாயிங்க கிளம்பினாங்க. வரிக்கொடுமை ஒரு பக்கம், மதக்கொடுமை ஒரு பக்கம். அதை அடக்கினதும், 1639ல போர்த்துகீசியருக்குத் தடை. மறு வருஷம் சீனக் கரையில இருந்த போர்த்துகீசியர் ஊரான மக்காவ்லருந்து சமாதானம் பேச வந்தவங்கள்ல 61 பேர் தலையை வெட்டிட்டாங்க. டச்சுக்காரனை மட்டும் நாகசாகியில டெஜிமாங்கற செயற்கைத் தீவுல அடைச்சாங்க. விசிறி மாதிரி ஒரு துண்டு நிலம், ஒரே ஒரு பாலம். நம்ம துணியும் அந்த வழியாத்தான் போச்சு. இது போக சீனா, கொரியா வியாபாரமும் ஓடிட்டுதான் இருந்துச்சு.

உள்ள நீண்ட அமைதி, எடோ நகரம் (இன்னைக்கு டோக்கியோ) கொழிச்சுது, எல்லாம் சரி. அடி விழுந்தது எங்கன்னா, காசுல. வெளி விலை உள்ள வராததால, வெள்ளிக்காசுக்கு ஷோகன் வச்சதுதான் மதிப்பு. 1853ல அமெரிக்கத் தளபதி பெர்ரி நாலு கப்பலோட வந்து நின்னாரு. ஒப்பந்தம் மேல ஒப்பந்தம். 1859ல துறைமுகம் திறந்தா, வெள்ளைக்கார வியாபாரி கணக்கு இப்படி: வெள்ளிக்கு வெள்ளி எடை பாத்து, 4 வெள்ளி டாலருக்கு 12 இச்சிபு, அது ஜப்பான் வெள்ளிக்காசு. 4 இச்சிபுக்கு ஒரு கோபன், அது பொற்காசு. ஆக 3 கோபன். ஷாங்காய்ல வித்தா 12 டாலர்! உக்காந்த இடத்துல மூணு மடங்கு.

தங்கம் கப்பல் கப்பலா கிளம்பினதும், 1860ல ஷோகன் அரசு கோபனை மூணுல ஒரு பங்கா சுருக்கிடுச்சு. ஒழுகல் நின்னுச்சு. ஆனா விலைவாசி தாறுமாறா ஏற, சாமுராய்ங்க கொதிச்சுட்டாங்க. அடுத்த எட்டு வருஷத்துல ஷோகனே இல்ல.